தேறிய கட்டில்

டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு, தூரத்திலிருந்து இன்னொரு டிக்.

ஒன்பது நாளாக அந்த வீட்டில் இதுதான் நடக்கிறது என்பது வாராவாரம் வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரி ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். குழந்தைகளுக்கான சாமான்கள் கடைக்குப் போகும் முன் அவள் கைக்கு வரும். இழுப்பாள், திருகுவாள், உயரத்திலிருந்து போடுவாள், எடையை வைத்து இடிப்பாள். உடையாமல் பிழைத்தால் தேறியது என்று ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஆபீஸில் அவளுக்குச் 'சுத்தியல்' என்று பட்டப்பெயர். முப்பத்தெட்டு நாளைக்கு முன் ஆபரேஷன் செய்து அவளுக்கு ஒரு பெண் குழந்தையை எடுத்துக் கொடுத்தார்கள். பெயர் வைப்பதில் இன்னும் சண்டை ஓயாததால் குழந்தை இப்போதைக்குப் பட்டாணி. அந்தச் சண்டை நான்கு வாரம் உங்கள் பொறுமையைச் சோதித்தது எனக்குத் தெரியும். இந்த வாரம் அந்தப் பக்கமே போகப்போவதில்லை.

பட்டாணிக்கு ஓர் அத்தை உண்டு. சுத்தியலின் கணவரான மருந்துக்கடைக்காரரின் அக்கா, அதாவது சுத்தியலுக்கு அண்ணி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தம்பி குழந்தையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் அவள் வாங்கி வந்தது எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

முதலில் ஒரு கரடி பொம்மை. சுத்தியல் அதன் கண்ணை இரண்டே இழுப்பில் பிடுங்கி, கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தாள். "இது குழந்தையோட தொண்டை அளவு அண்ணி. இதுக்குள்ள எது போகுதோ, அது தொண்டைக்குள்ளயும் போகும்." கண் உருண்டு உள்ளே போயிற்று. கண்ணில்லாத கரடியை அண்ணி பையில் போட்டுக்கொண்டு போனாள். அடுத்து கிலுகிலுப்பை, அதன் பிடி வாயில் ஆழமாகப் போகும் என்று திரும்பியது. அடுத்து பஞ்சுத் தலையணை, மூச்சை அடைக்கும் என்று திரும்பியது. கழுத்தில் நாடா வைத்த குளிர்ச்சட்டையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

கடைசியில் ஒன்பது நாளைக்கு முன்பு வேன் பின்கதவைத் திறந்து அண்ணி இறக்கியது ஒரு குழந்தைக் கட்டில். வெளிர் மரம், நாலு பக்கமும் கம்பித் தடுப்பு. "தெரிஞ்சவங்க கிட்ட சும்மா கிடந்துச்சு, புதுசு" என்றாள். கம்பனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சுரண்டிய தடம் மட்டும்தான் இருந்தது. சுத்தியல் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அளந்தாள், பெயின்ட்டை முகர்ந்தாள், தடுப்பைப் பிடித்து உலுக்கினாள். இந்த மாதிரி வெளிர் மரக் கட்டில் அவள் கைக்கு எத்தனையோ வந்து போயிருந்தன; சல்லடை போட்டுத் தேடியும் குறை கிடைக்கவில்லை. அடியில் மட்டும் பார்க்கவில்லை. ஆறு வாரத்துக்குக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று அண்ணியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் போன வாரம் எழுதினேன். இப்போது இந்த வாரத்துக்கு வருவோம்.

காலை பத்தரை மணிக்கு மருந்துக்கடைக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா?" என்றாள் சுத்தியல்.

"எது?"

"ரெண்டு சத்தம். ஒண்ணு கட்டில்ல வருது. இன்னொண்ணு எங்கயோ."

"முதல்ல வர்றது சத்தம், அடுத்து வர்றது எதிரொலி. காலி வீட்டுல அப்படித்தான் கேக்கும்."

"வீடு எங்கங்க காலியா இருக்கு? துணி மூட்டைக்கு நடுவுல நாம நிக்கவே இடம் இல்ல."

அவர் சிரித்தார். "நீ ஒழுங்கா தூங்கி எத்தனை நாளாச்சு? தூக்கம் கெட்டவங்களுக்குச் சுவரு கூடப் பேசும். கடைக்கு வர்றவங்க தினம் சொல்றாங்க."

"சரி, அதுல படுத்தா மட்டும் ஏன் அழ மாட்டேங்குறா?"

"குழந்தை அழலைன்னு கவலைப்படுற அம்மா ஊருலயே நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கவலை அதுதான். தோளில் போட்டாலும் பட்டாணி அழுதாள், மடியில் போட்டாலும் அழுதாள், பெரிய கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொண்டாலும் அழுதாள். அந்தக் கட்டிலில் கிடத்தினால் மட்டும் யாரோ வாயில் விரல் வைத்து உஷ் என்று சொன்ன மாதிரி அடங்கிவிடுவாள். தூங்கவும் மாட்டாள். கண்ணை அகல விரித்துக்கொண்டு மேலே கூரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே ஒட்டடை கூட இல்லை. பெற்றவளுக்கு இதில் பொறாமையும் இருந்தது, பயமும் இருந்தது. எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெயிலுக்காகத் திரையை இழுத்துவிட்டிருந்த அறை பழுப்பாக இருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் நின்றுபோயிருந்தது. சுத்தியல் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தெரியாத ஒரு சாமானை மேஜையில் வைத்தால் ஆபீஸில் எப்படி உட்காருவாளோ அப்படி.

டிக். பட்டாணியின் கண் கூரைக்குப் போயிற்று. மேலே, ரொம்ப மெல்ல, டிக்.

குழந்தை அந்த இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருக்கிறது. சுத்தியல் பட்டாணியை வாரி எடுத்தாள். உடனே அழுகை வீட்டைப் பிளந்தது. மறுபடி கிடத்தினாள், அடங்கிவிட்டது. இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். குதிகால் மெத்தையில் இறங்கும்போது சத்தம் வந்தது. சும்மா உதைக்கவில்லை. ஓர் உதை, பிறகு நிதானமாக மூன்று எண்ணும் நேரம், பிறகு அடுத்த உதை. கடிகாரம் கூட அவ்வளவு ஒழுங்காக ஓடாது.

ஒன்று, இரண்டு, மூன்று, டிக்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே என்று தெரியவில்லை. ஆனால் உடம்புக்குத் தெரிந்திருந்தது. வயிற்றுத் தையலுக்கு உள்ளே ஏதோ ஒன்று அந்தத் தாளத்துக்குத் தயாராக இறுகியது.

குழந்தையைத் தூக்கி, தரையில் போர்வை விரித்துப் போட்டாள். அழுகை. பக்கத்தில் கிடந்த மரக் கரண்டியை எடுத்து அதே இடைவெளியில் தரையில் தட்டினாள். நாலாவது தட்டில் பட்டாணி அழுகையை நிறுத்தினாள்.

சுத்தியல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, டாக்டர் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தாள். இன்ச் இன்ச்சாக நகர்ந்து கட்டிலுக்கு அடியில் தலையைக் கொண்டுபோனாள். செல்போன் வெளிச்சத்தைப் போட்டாள்.

அடிப்பலகையில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்தது. ஒரு தேதி. மாதிரி 1 என்று ஓர் எண். பக்கத்தில் சின்னதாக ஒரு சுத்தியல் படம்.

அந்தப் படத்தை உலகத்தில் ஒரே ஒருத்திதான் போடுவாள். அவள் இப்போது அந்தக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள்.

தேதி பட்டாணி பிறந்ததற்கு முந்தின நாள்.

பரிசோதனைக் கூடத்தில் கட்டிலை எப்படிச் சோதிப்பார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பத்து கிலோ எடையை ஒரு மெஷின் தூக்கி அடிப்பலகை மேல் போடும். பிறகு மறுபடி தூக்கும். மூன்று எண்ணுவதற்கு ஒரு தடவை, ஒரு கட்டிலுக்கு ஆயிரம் தடவை. பலகையைத் தாங்கும் இரும்புக் கொக்கிகள் உடையாவிட்டால் அந்த ரகம் தேறியது. கடைக்குப் போகிற மற்ற கட்டில்கள் பத்திரமானவை. ஆனால் அடி வாங்கிய அந்த ஒரு கட்டில் இனி எதற்கும் ஆகாது. பார்வைக்குப் புத்தம் புதிது, இரும்புக்குள்ளே மட்டும் களைத்திருக்கும். அதனால் தேறிய மாதிரிகளின் நாலு காலையும் அன்றைக்கே அறுத்துப் போட வேண்டும். அறுத்த பிறகு, அழிக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பட்டாணி பிறந்ததற்கு முந்தின நாள் முழுக்கச் சுத்தியல் நிறைமாத வயிற்றோடு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று கட்டில், மூவாயிரம் அடி. சாயங்காலம் கால் வீங்கி இடுப்பு வலி எடுத்துவிட்டது. அறுக்கும் மெஷின் கீழ்த் தளத்தில் இருந்தது. காலையில் வந்து அறுத்துக்கொள்ளலாம், கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போவோம் என்று நினைத்தாள். மூன்று தாளிலும் போட்டாள். காலையில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

ஊரில் இருக்கிற அத்தனை சாமானையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்க்காமல் போட்ட கையெழுத்து அது. மூவாயிரம் அடியையும் வயிற்றுக்குள் இருந்து கேட்ட குழந்தை இப்போது அதே கட்டிலில் படுத்துக்கொண்டு, அம்மா விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.

வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. காலை ட்ரிப் முடிந்ததும் அண்ணி வருவது வழக்கம். உள்ளே வந்தவள் தரையில் போர்வையில் கிடந்த பட்டாணியையும், கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏம்மா, அங்க என்ன பண்ற? தையல் பிரிஞ்சா யாரு பாக்குறது?"

சுத்தியல் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணி, இதை எங்க ஆபீஸ்ல இருந்து எடுத்தீங்களா?"

அண்ணி பொய் சொல்லப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

"உன் லீவு லெட்டரைக் குடுக்கப் போனேன்ல. ஸ்டோர்காரர் மூலையில வெச்சிருந்தாரு. ரெஜிஸ்டர்ல இல்லாத சாமான், வேணும்னா எடுத்துக்கோங்கன்னாரு. உன் பேரு போட்டு தேறியதுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. நான் வாங்குறது எதுவும் உனக்குப் பிடிக்கல. நீயே அடிச்சுப் பாத்து உடையாதது இதுதான், இதைவிட எது நல்லதுன்னு நெனச்சேன். ஆபீஸ் சாமான்னு தெரிஞ்சா வேண்டாம்ப, அதான் ஸ்டிக்கரைச் சுரண்டிட்டேன்."

இதில் எந்த இடத்தில் தப்பு கண்டுபிடிப்பது? யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. தேறியது என்ற வார்த்தையைப் படிக்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

"பட்டாணியைத் தூக்கிக்கோங்க அண்ணி."

அண்ணி வழக்கம்போல் குழாயடிக்குத் திரும்பினாள். "கையைக் கழுவிட்டு..."

"பரவாயில்ல. தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க."

கை கழுவச் சொல்லாமல் குழந்தையைக் கொடுத்தது முப்பத்தெட்டு நாளில் இதுதான் முதல் தடவை. அண்ணிக்கு அதில்தான் பயம் வந்தது.

சுத்தியல் அலமாரியிலிருந்து மருந்துக்கடைக்காரரின் பழைய பாடப் புத்தகங்களை இறக்கினாள். குழந்தையை நிறுக்கும் தராசில் வைத்து, நாலரைக் கிலோ வந்ததும் நிறுத்தினாள். பட்டாணியின் எடை அதுதான். புத்தகக் கட்டைத் துண்டில் முடிந்து, தலை வைக்கும் மூலையில் கிடத்தி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. டிக். மறுபடி அழுத்தினாள். டிக்.

"ஒண்ணும் ஆகலியே" என்றாள் அண்ணி, கெஞ்சுகிற குரலில்.

ஏழாவது அழுத்தலுக்குச் சத்தமே வரவில்லை. அந்த மூலைப் பலகை மெதுவாகக் கீழே சாய்ந்தது. புத்தகக் கட்டு சரிந்து, பலகைக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவே திறந்த இடுக்கில் போய் இறுகி நின்றது. ஒரு தலை அளவு இடுக்கு.

அண்ணி பட்டாணியின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"நான் கொல்லப் பாத்தேனா?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி. தப்பு என்னோடது. அறுக்காம கையெழுத்துப் போட்டது நான்."

சுத்தியல் எழுந்து நின்றாள். கட்டில் செத்துவிட்டது, இனிச் சத்தம் வராது என்ற நினைப்பே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மூச்சை முழுதாக வெளியே விட்டாள்.

டிக்.

மேலேயிருந்து வந்தது. அண்ணியின் தோளில் பட்டாணி தலையை நிமிர்த்த முயன்றாள், முடியவில்லை. கண்ணை மட்டும் உருட்டிக் கூரையைப் பார்த்தாள்.

சுத்தியல் அண்ணியைப் பார்த்தாள். "அண்ணி, எத்தனை கட்டில் எடுத்துட்டு வந்தீங்க?"

"ரெண்டு. மாடி வீட்டு டிராயிங் டீச்சருக்கு ஒண்ணு குடுத்தேன். அவளும் பிள்ளை பெத்து இருபது நாளா தரையில போட்டுத் தூங்க வெச்சுக்கிட்டிருந்தா. எங்க வீட்டுப் பொண்ணே அடிச்சுப் பாத்து தேற வெச்சதுன்னு பெருமையா சொல்லித்தான் குடுத்தேன்."

பதினெட்டுப் படி. தையல் போட்டவள் ஏறக் கூடாத படிகள். சுத்தியல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், ஒவ்வொரு படிக்கும் வயிற்றில் கத்தரிக்கோல் வைத்த மாதிரி இருந்தது. பாதியில் ஒரு டிக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கேட்காதது இன்னும் மோசமாக இருந்தது.

அழைப்பு மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை. கதவைத் தட்டினாள். கடைசியில் தாழ்ப்பாள் ரொம்ப மெதுவாக விலகியது. டிராயிங் டீச்சர் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், வாயில் சிரிப்பு.

"அக்கா, நீங்களா. மெல்ல வாங்க. இப்பதான் அசந்தான்."

"எங்க படுக்க வெச்சிருக்கீங்க?"

"நீங்க தேற வெச்ச கட்டில்லதான். ஸ்டிக்கரை உரிச்சிடலாம்னு இவரு சொன்னாரு, நான் விடல. பகல்ல தனியா இருக்கேன்ல, பயம் வந்தா உங்க கையெழுத்தை ஒரு தடவை பாத்துப்பேன். அப்புறம் நிம்மதியா கண்ணை மூடுவேன்."

சுத்தியல் வாசலைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்தாள்.

"குழந்தையைத் தூக்குங்க."

"முழிச்சிடுவான்க்கா."

"முழிக்கட்டும். அந்தக் கையெழுத்தை நம்பாதீங்க. தூக்குங்க."

"நீங்க போட்டதுதானே?"

"நான் போட்டதுதான். அதனாலதான் சொல்றேன்."

டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்லக் கரைந்தது. அவள் உள்ளே ஓடினாள். குழந்தை பயங்கரமாக வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டதும்தான் சுத்தியலுக்கு மூச்சு வந்தது. அவ்வளவு இனிமையான அழுகையை அவள் கேட்டதே இல்லை. உள்ளே போய்க் கட்டிலின் மூலையில் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை அழுத்தினாள். ஒரே தடவைதான். பலகை சாய்ந்தது.

டீச்சர் பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கீழே ஒரு குழந்தை உதைத்தால் மேலே ஒரு குழந்தை எப்படிப் பதில் உதைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். களைத்த இரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். இது எனக்குத் தெரியாது.

தலைமாட்டில் அந்த ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. தேறியது. கீழே அவள் கையெழுத்து. அதற்குக் கீழே, மாதிரி 3.

சுத்தியல் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் வீட்டில் இருப்பது 1.

படியேறி வந்த அண்ணி, பட்டாணியைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றாள். "ரெண்டு பிள்ளைகளும் பொழைச்சுதுல்ல?"

"அண்ணி, ஸ்டோர்ல எத்தனை பாத்தீங்க?"

"லெட்டர் குடுக்கப் போன அன்னைக்கு மூணு இருந்துச்சு. எடுக்கப் போறப்ப ரெண்டுதான்."

சுத்தியல் ஸ்டோர்காரருக்குப் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண் போயிற்று. மூன்றாவது தடவை அவர் எடுத்தார். குழந்தை எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்தார்.

"இன்னொரு கட்டிலு, மாதிரி ரெண்டு, யாருகிட்ட இருக்கு?"

"அதுவா? யாரோ ஒரு அம்மா, பொண்ணுக்குப் பிரசவம்னு சொன்னாங்க. ஆட்டோவுல ஏத்தி விட்டேன். உங்க பேரைச் சொல்லித்தான் குடுத்தேன், கவலையே படாதீங்கன்னு."

"அவங்க பேரு, ஊரு, ஏதாவது?"

"எங்க எழுதறது? ரெஜிஸ்டர்ல அது அழிஞ்சு போச்சுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

சுத்தியல் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுமுனையில் அவர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சரின் பிள்ளை அழுது ஓய்ந்துவிட்டது. வீடு அமைதியாக இருந்தது, இரண்டு கட்டிலும் அமைதியாக இருந்தன.

அத்தையின் தோளில் பட்டாணி காலை உதைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, உதை. இப்போது அவள் கூரையைப் பார்க்கவில்லை. கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பி, திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, எதற்கோ காத்திருந்தாள்.